உலகக் கோப்பையின் சின்னங்கள்: திட்டமிட்டவையும் தானாய் வந்தவையும்

2010 தென்னாப்பிரிக்கக் கால்பந்து உலகக் கோப்பைக்கு அதிகாரப்பூர்வச் சின்னம் ஒன்று இருந்தது. பச்சை முடி வைத்த சிறுத்தை, பெயர் ஜக்குமி. சட்டென்று அது நினைவுக்கு வந்தால் நீங்கள் தீவிர ரசிகர்தான். மற்றவர்களுக்கு அந்தப் போட்டி என்றால் நினைவில் நிற்பது மூன்று விஷயங்கள். காது கிழிய ஒலித்த வுவுசெலா ஊதுகுழல், கோல்கீப்பர்களை அழ வைத்த ஜபுலானி பந்து, ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரத்து மீன் காட்சியகத்தில் இருந்த பால் என்ற ஆக்டோபஸ்.

பந்தை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா ஏற்பாடு செய்தது உண்மை. ஆனால் அதற்குக் கிடைத்த கெட்ட பெயர் அவர்கள் விரும்பியது அல்ல. ஆக்டோபஸ் எந்தக் குழுவின் திட்டத்திலும் இல்லை. இரண்டு நாட்டுக் கொடிகள் ஒட்டிய இரண்டு பெட்டிகளில் இரை வைப்பார்கள். அது முதலில் எந்தப் பெட்டிக்குப் போகிறதோ அந்த அணி வெல்லும் என்று கணக்கு. ஜெர்மனி ஆடிய ஏழு ஆட்டங்களையும் ஸ்பெயினும் நெதர்லாந்தும் மோதிய இறுதி ஆட்டத்தையும் சேர்த்து எட்டுக்கு எட்டு சரி. நாணயம் சுண்டி இதே வரிசை வர 256-இல் ஒரு வாய்ப்பு. பெரிய அதிசயம் இல்லைதான். உலகம் முழுக்க அன்று எத்தனை கிளிகளும் நாய்களும் ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்தன என்று யோசித்தால், ஏதோ ஒன்றுக்குச் சரியாக அமைந்திருக்க வேண்டியதுதான்.

இந்த வேறுபாடு 2010-க்கு மட்டும் உரியது அல்ல. உலகக் கோப்பையின் வரலாற்றைப் புரட்டினால், கூட்டம் போட்டு முடிவெடுத்து உருவாக்கிய சின்னங்களில் பெரும்பாலானவை அடுத்த போட்டிக்குள் மறந்துபோகின்றன. ஏதோ ஒரு சிக்கலைத் தீர்க்க வந்ததும், விபத்தாக நேர்ந்ததும்தான் தலைமுறை தாண்டி நிற்கின்றன.

முதலில் பொம்மைச் சின்னங்களை முடித்துவிடலாம், அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1966-இல் இங்கிலாந்து தொடங்கி வைத்தது. பிரிட்டன் கொடி போட்ட சட்டையணிந்த வில்லி என்ற சிங்கம் அது. பொருள்கள் நன்றாக விற்றன, அதனால் வழக்கம் நிலைத்தது. அப்புறம் ஆரஞ்சுப் பழம் (1982, ஸ்பெயின்), மீசை வைத்த மிளகாய் (1986, மெக்சிகோ), சேவல் (1998, பிரான்ஸ்) என்று நீண்டது. என் ரசனைக்கு இவற்றில் துணிச்சலானது 1990-இல் இத்தாலி கொண்டுவந்த சாவோ. முகமே கிடையாது, இத்தாலியக் கொடியின் நிறங்களில் கட்டைகளை அடுக்கியதுபோல ஓர் உடல், தலைக்குப் பதில் பந்து. குழந்தைகள் கட்டிப்பிடித்துத் தூங்க முடியாத பொம்மை என்று கேலி செய்தார்கள். இன்று பார்த்தாலும் பழசாகத் தெரியாதது அது ஒன்றுதான்.

2006-இல் ஜெர்மனி கொண்டுவந்த கோலியோ என்ற சிங்கத்துக்குச் சட்டை உண்டு, கால்சட்டை இல்லை. ஜெர்மனியிலேயே அதைக் கிண்டலடித்தார்கள். பொம்மையைத் தயாரித்த நிறுவனம் போட்டி தொடங்கும் முன்பே திவால் மனு கொடுத்தது. அதற்குச் சிங்கம் மட்டும் காரணம் இல்லை என்றாலும், பழி என்னவோ அதன் தலையில்தான் விழுந்தது.

2014-இன் ஃபுலேகோ வேறு கதை. ஆபத்து வந்தால் உடலைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்ளும் மூவரி ஆர்மடில்லோவை பிரேசில் சின்னமாக்கியது. கால்பந்துக்கு இதைவிடப் பொருத்தமான விலங்கு கிடைக்காது. அது அழிவின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் இனமும்கூட. பிரேசில் சூழலியல் அறிஞர்கள் சிலர் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு சவால் விட்டார்கள். போட்டியில் விழும் ஒவ்வொரு கோலுக்கும், அந்த விலங்கு வாழும் காட்டிங்கா புதர்க்காட்டில் 1,000 ஹெக்டேரைப் பாதுகாக்கத் தயாரா என்று கேட்டார்கள். அந்தப் போட்டியில் விழுந்தவை 171 கோல்கள். கணக்குப்படி 1,71,000 ஹெக்டேர். பொம்மைகள் விற்றன, காடு அந்த அளவில் கிடைக்கவில்லை.

சரி, பந்துக்கு வருவோம். கால்பந்து என்று யாரை வரையச் சொன்னாலும் வெள்ளைப் பந்தில் கறுப்பு ஐங்கோணங்களை வரைவார்கள். அந்த உருவத்தை உலகத்தின் மனதில் பதித்தது 1970 மெக்சிகோ போட்டியின் டெல்ஸ்டார். 12 கறுப்பு ஐங்கோணங்கள், 20 வெள்ளை அறுகோணங்கள், மொத்தம் 32 துண்டுகள். அழகுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. போட்டி வண்ணத்தில் ஒளிபரப்பானாலும் பெரும்பாலான வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. பழைய பழுப்புத் தோல் பந்து அந்தத் திரையில் புல்லோடு கலந்து காணாமல் போய்விடும். பந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும், அது சுழல்வதும் தெரிய வேண்டும். அதற்கான வழிதான் அந்தக் கட்டங்கள். பெயரும் தொலைக்காட்சி அலைகளைக் கண்டம் தாண்டி அனுப்பிய டெல்ஸ்டார் செயற்கைக்கோளிலிருந்து வந்தது. பிறகு வந்த உலகக் கோப்பைப் பந்துகள் அந்த வடிவத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டன. குழந்தைகள் வரையும் படத்திலும் கைப்பேசியின் எமோஜியிலும் மட்டும் அது அப்படியே இருக்கிறது.

அதற்கும் முன்பு, 1930-இல் நடந்த முதல் இறுதி ஆட்டத்தில் எந்தப் பந்தில் ஆடுவது என்பதே சண்டை. உருகுவேயும் அர்ஜென்டினாவும் ஆளுக்கொரு பந்தோடு வந்து நின்றன. கடைசியில் முதல் பாதிக்கு அர்ஜென்டினாவின் பந்து, இரண்டாம் பாதிக்கு உருகுவேயின் பந்து என்று முடிவானது. இடைவேளையின்போது அர்ஜென்டினா 2-1 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிந்தபோது உருகுவே 4-2 என வென்றிருந்தது. பந்துதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் எந்த அர்ஜென்டினா ரசிகரும் அந்த விவரத்தைச் சொல்லாமல் விடமாட்டார்.

ஜபுலானியில் நடந்தது இயற்பியல். வெறும் எட்டுத் துண்டுகள், தையலுக்குப் பதில் வெப்பத்தால் ஒட்டியவை. பரப்பு வழுவழுப்பாகிவிட்டது. பந்தைச் சுற்றி ஓடும் காற்று எங்கே பிரிகிறது என்பதைத் தையல்களும் சொரசொரப்பும் தீர்மானிக்கின்றன. அவை குறைந்தால், சுழற்சி இல்லாமல் உதைத்த பந்து ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வரும்போது காற்றில் அப்படியும் இப்படியும் நெளியும். எந்தப் பந்தும் இப்படி நெளியக்கூடியதுதான். ஜபுலானி நெளிந்தது சாதாரணமாக ஃப்ரீ கிக் போகும் வேகத்தில், அதுதான் தொல்லை. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்திலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிரேசில் கோல்கீப்பர் ஜூலியோ சீசர் இதைப் பல்பொருள் அங்காடியில் விற்கும் பிளாஸ்டிக் பந்து என்றார். அடுத்த போட்டியின் பிரசூகாவில் துண்டுகள் ஆறாகக் குறைந்தன. ஆனால் அவற்றை வளைத்து வெட்டியதால் இணைப்புக் கோடுகளின் மொத்த நீளம் கூடியது, ஆழமும் கூடியது, பரப்பில் சொரசொரப்பும் வந்தது. புகார்கள் அடங்கின.

2022-இல் பந்து சாட்சியும் சொல்லத் தொடங்கியது. அந்த ஆண்டின் பந்தான அல் ரிஹ்லாவின் நடுவே வைத்த உணரி நொடிக்கு 500 முறை அசைவைப் பதிவு செய்தது. உருகுவேக்கு எதிராக போர்ச்சுகல் வீரர் புரூனோ ஃபெர்னாண்டஸ் அடித்த பந்து தன் தலையில் பட்டுத்தான் உள்ளே போனது என்று ரொனால்டோ கையை உயர்த்திக் கொண்டாடினார். பந்தின் மீது ரொனால்டோவின் எந்தத் தொடுகையும் பதிவாகவில்லை என்று தயாரிப்பாளர் அறிவித்தார். கோல் புரூனோ பேரிலேயே நின்றது.

மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் இன்று கால்பந்தைத் தாண்டி அரசியல் மேடைப் பேச்சு வரைக்கும் வந்துவிட்டன. அவை பிறந்தது மொழிப் பிரச்சினையில். 1966 காலிறுதியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் வெம்ப்ளியில் ஆடின. நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன் ஜெர்மானியர். அர்ஜென்டினா கேப்டன் அன்டோனியோ ராட்டினை அவர் வெளியேற்றினார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, இவருக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை வரவழையுங்கள் என்று ராட்டின் கேட்டார், பல நிமிடங்கள் வெளியே போக மறுத்தார், கடைசியில் அரசிக்காக விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் போய் உட்கார்ந்தார். அதே ஆட்டத்தில் இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்களை நடுவர் எச்சரித்தாராம். அவர்களுக்கே அது பத்திரிகைகளைப் பார்த்துத்தான் தெரியவந்தது.

நடுவர்களுக்கு அப்போது பொறுப்பாக இருந்தவர் கென் ஆஸ்டன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு சிலியும் இத்தாலியும் ஆடிய அடிதடி ஆட்டத்துக்கு நடுவராக இருந்து நொந்தவரும் அவரே. லண்டன் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது போக்குவரத்து விளக்கைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது. மஞ்சள் என்றால் பார்த்து ஆடு, சிவப்பு என்றால் நில். 1970-இல் அட்டைகள் அறிமுகமாயின. அந்தப் போட்டி முழுவதும் ஒரு சிவப்பு அட்டையும் எடுக்கப்படவில்லை. முதல் சிவப்பு 1974-இல் சிலியின் கார்லோஸ் காஸ்ஸெலிக்குப் போனது, காட்டியவர் துருக்கி நடுவர் டோகான் பாபாஜான். இந்த யோசனையை ஒரு விளம்பர நிறுவனத்திடம் கொடுத்திருந்தால் அட்டைக்கு ஒரு பெயரும் முழக்கமும் வைத்திருப்பார்கள்.

இனி ஜெர்சி. பிரேசிலின் மஞ்சள் சட்டை அளவுக்கு உலகறிந்த விளையாட்டு உடை வேறு இருக்கிறதா என்பது சந்தேகம். அது பிறந்தது ஒரு தோல்வியில். 1950 வரை பிரேசில் அணிந்தது வெள்ளைச் சட்டை, நீலக் கழுத்துப்பட்டி. அந்த ஆண்டு ஜூலை 16 அன்று மரக்கானா மைதானத்தில் உருகுவேயுடன் சமன் செய்தாலே கோப்பை என்ற நிலையில் 1-2 எனத் தோற்றது. நாடே துக்கம் காத்தது. வெள்ளை உடனே மறைந்துவிடவில்லை, அதன்பிறகும் சில போட்டிகளில் அதை அணிந்தார்கள். ஆனால் அந்த நிறத்தில் நாட்டுப்பற்றே இல்லை என்ற முணுமுணுப்பு வளர்ந்தது. 1953-இல் கொரேயோ டா மன்யா என்ற ரியோ நாளிதழ் புதிய உடைக்கு ஒரு போட்டி வைத்தது. கொடியிலுள்ள பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நான்கு நிறங்களை ஓர் உடையில் சேர்ப்பது எவ்வளவு சிரமம் என்று வரைந்து பார்த்தால்தான் தெரியும். மூன்று சேர்ந்தாலே கண்ணை உறுத்தும். வென்றவர் அல்டிர் கார்சியா ஸ்லே, 19 வயது இளைஞர். மஞ்சள் சட்டை, பச்சை ஓரம், நீலக் கால்சட்டை, வெள்ளைக் காலுறை என்று சிக்கலை அவிழ்த்தார். அவர் வளர்ந்தது தெற்கே உருகுவே எல்லையோரம். கால்பந்தில் அவர் ஆதரித்தது உருகுவேயை! பிரேசிலை அழவைத்த அணியின் ரசிகர்தான் பிரேசிலுக்கு அடையாளம் கொடுத்தார். பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் பெற்ற அவர் 2018-இல் காலமானார்.

இந்த மஞ்சள் சட்டையை அணிந்து பிரேசில் தன் முதல் கோப்பையை வென்றது என்று நினைத்தால், அதுவும் இல்லை. 1958 இறுதியில் எதிரணி ஸ்வீடன், அவர்களுக்கும் மஞ்சள்தான். பிரேசில் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. மாற்றுச் சட்டை கைவசம் இல்லை. அங்கேயே கடையில் நீலச் சட்டைகளை வாங்கி, பழைய சட்டைகளின் சின்னங்களைப் பிரித்து அவற்றில் தைத்தார்கள். சகுனம் பார்க்கும் வீரர்கள் கலங்கிப்போனார்கள். அணிக்குத் தலைமை தாங்கி வந்த பவுலோ மச்சாடோ டி கார்வால்யோ, நீலம் நம் நாட்டைக் காக்கும் அப்பரெசிடா மாதாவின் அங்கி நிறம் என்று சொல்லித் தேற்றினார். 5-2 என வென்றார்கள். பிரேசிலின் இரண்டாம் சட்டை நீலமாகவே தொடர்கிறது.

அதே 1958-இல்தான் 10 என்ற எண்ணுக்கும் மவுசு வந்தது. பிரேசில் அனுப்பிய வீரர் பட்டியலில் எண்களைக் குறிக்க மறந்துவிட்டார்கள். போட்டி நடத்தியவர்கள் தங்கள் போக்கில் எண்களைப் போட்டார்கள். கோல்கீப்பர் ஜில்மாருக்கு 3 விழுந்தது. வலது ஓரம் ஆடும் காரிஞ்சாவுக்கு 11, இடது ஓரம் ஆடும் ஜகாலோவுக்கு 7, இரண்டும் வழக்கத்துக்கு நேர் தலைகீழ். 17 வயது பெலேவுக்கு விழுந்தது 10. மரடோனா, ஜிடேன், மெஸ்ஸி என்று பின்னால் வந்த பாரம்பரியத்துக்கு ஊற்று ஒரு எழுத்தர் பிழை.

எண்களை நியாயமாகப் பங்கிட வேண்டும் என்று அகர வரிசையைப் பிடித்தவர்களும் உண்டு. 1982 அர்ஜென்டினா அணியில் எண் 1 அணிந்தவர் நடுக்கள வீரர் ஆர்டிலெஸ், கோல்கீப்பர் ஃபில்லோலுக்கு 7. மரடோனாவுக்கு மட்டும் வரிசையை வளைத்து 10 கொடுத்தார்கள். 1974-இல் நெதர்லாந்தும் இதே முறைதான், கோல்கீப்பருக்கு 8. அங்கே விதிவிலக்கு நட்சத்திர வீரர் கிரைஃப், அவர் கேட்டது 14. அவர் விதிவிலக்கானது எண்ணில் மட்டும் அல்ல. அணியின் சட்டை அடிடாஸ் தயாரித்தது, கையில் மூன்று பட்டைகள்; கிரைஃபின் தனி ஒப்பந்தமோ போட்டி நிறுவனமான பூமாவோடு. அவருடைய சட்டையில் மட்டும் இரண்டே பட்டைகள். 2002-இல் மரடோனாவின் நினைவாக 10-ஐ ஓய்வளிக்க அர்ஜென்டினா முயன்றது. 1 முதல் 23 வரை எல்லா எண்ணும் இருக்க வேண்டும் என்று ஃபிஃபா மறுத்துவிட்டது, ஒர்டேகா அதை அணிந்தார்.

சட்டையில் தைக்கும் நட்சத்திரங்களிலும் ஒரு சிறு வில்லங்கம். ஒரு கோப்பைக்கு ஒரு நட்சத்திரம் என்றால் 1930-லும் 1950-லும் வென்ற உருகுவேக்கு இரண்டுதான் வரவேண்டும். அவர்கள் வைத்திருப்பது நான்கு. 1924, 1928 ஒலிம்பிக் கால்பந்துப் பதக்கங்களும் உலகப் பட்டங்களே என்பது அவர்கள் வாதம். உலகக் கோப்பையே பிறக்காத காலத்தில் அதைவிடப் பெரிய போட்டி எது என்று கேட்டால், பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

கடைசியாகக் கோப்பை. இன்று நாம் பார்ப்பது இரண்டாவது கோப்பை. முதலாவது, பிரெஞ்சுச் சிற்பி ஆபெல் லாஃப்லூர் வடித்தது. வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசி, லாபிஸ் லசூலி என்ற நீலநிறக் கல் பீடத்தில் சிறகு விரித்த வெற்றித் தேவதையை நிறுத்தினார். ஃபிஃபா தலைவராக இருந்த ஜூல் ரிமேயின் பெயரைப் பிறகு அதற்குச் சூட்டினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அது இத்தாலியில் இருந்தது. நாஜிகள் கையில் சிக்காமல் இருக்க, ஒட்டோரினோ பராசி என்ற கால்பந்து நிர்வாகி வங்கியிலிருந்து எடுத்துவந்து, செருப்புப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். போரைத் தாண்டிய கோப்பை லண்டனில் சிக்கிக்கொண்டது. 1966 மார்ச் 20 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் ஓர் அஞ்சல்தலைக் கண்காட்சியில் வைத்திருந்தபோது திருடு போனது. லட்சக்கணக்கான பவுண்டு மதிப்புள்ள அஞ்சல்தலைகளைத் திருடன் தொடவில்லை. ஒரு வாரத்தில் தெற்கு லண்டனில் பிக்கிள்ஸ் என்ற நாய் ஒரு புதரடியில் மோப்பம் பிடித்தது. செய்தித்தாளில் சுற்றிய கோப்பை கிடைத்தது. அந்த ஆண்டின் அதிகாரப்பூர்வச் சின்னம் சிங்கம், வேலை பார்த்தது நாய்.

மூன்று முறை வென்றவர்களுக்கே சொந்தம் என்ற விதிப்படி 1970-இல் அது பிரேசிலுக்குப் போனது. 1983 டிசம்பரில் ரியோவில் கால்பந்துக் கூட்டமைப்பின் அலுவலகத்தில் மீண்டும் திருடு போனது. முன்பக்கம் குண்டு துளைக்காத கண்ணாடி, அதைத் தாங்கிய சட்டம் மரம். கடப்பாரையால் நெம்பினால் போதுமாக இருந்தது. கோப்பை திரும்பவே இல்லை. 1966 திருட்டுக்குப் பிறகு இங்கிலாந்தில் ரகசியமாகச் செய்த நகல் ஒன்று 1997-இல் ஏலத்துக்கு வந்தபோது, அதுதான் அசலோ என்ற வதந்தியில் விலை 2,54,500 பவுண்டுக்கு ஏறியது. வாங்கியது ஃபிஃபா. சோதித்துப் பார்த்தார்கள், நகலேதான்.

இப்போதைய கோப்பையை வடித்தவர் மிலான் நகரின் சில்வியோ காட்சானிகா. 1974-இல் முதலில் கையில் ஏந்தியவர் ஜெர்மனியின் பெக்கன்பாவர். உயரம் 36.8 சென்டிமீட்டர், எடை 6.175 கிலோ, 18 காரட் தங்கம், அடியில் பச்சை மலக்கைட் கல்லின் இரு வளையங்கள். கெட்டித் தங்கம் என்று அடிக்கடி எழுதுகிறார்கள், கணக்குப் போட்டால் அது பொருந்தாது. அந்த எடைக்கு 18 காரட் தங்கம் சுமார் 400 கன சென்டிமீட்டர் இடத்தைத்தான் நிரப்பும். கோப்பையின் அடிப்பாகத்தின் அகலம் 13 சென்டிமீட்டர்; அதை மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினாலே தங்கம் தீர்ந்துவிடும். ஆகவே உள்ளே கூடுதான்.

இந்த முறை யாருக்கும் சொந்தம் கிடையாது என்று விதியை மாற்றிவிட்டார்கள். மாற்றாமல் இருந்திருந்தால் 1974, 1990, 2014 என மூன்று முறை வென்ற ஜெர்மனி அதை வீட்டுக்கே கொண்டுபோயிருக்கும், 2022-இல் மெஸ்ஸி தூக்கியது வேறொரு கோப்பையாக இருந்திருக்கும்.

பார்க்கப்போனால் அன்று மெஸ்ஸி வேறொரு கோப்பையையும் தூக்கினார். பரிசளிப்பு முடிந்த பிறகு, அர்ஜென்டினா ரசிகத் தம்பதி ஒன்று செய்துகொண்டு வந்திருந்த நகல், வீரர்களிடம் கையெழுத்து வாங்குவதற்காக மைதானத்துக்குள் வந்தது. கைமாறிக் கைமாறி மெஸ்ஸியிடம் போய்ச் சேர்ந்தது. மெஸ்ஸியைத் தோளில் தூக்கிச் சுமந்தபோது அவர் கையில் இருந்தது அதுதான். அந்தப் படங்களை அவர் இன்ஸ்டாகிராமில் போட்டார், அதுவரை அந்தத் தளத்தில் வேறெந்தப் பதிவுக்கும் கிடைக்காத அளவு விருப்பக்குறிகள் குவிந்தன. அசலோ, வென்ற வீரர்களும் நாட்டுத் தலைவர்களும் ஃபிஃபா அதிகாரிகளும் தவிர யாரும் தொடக்கூடாது என்ற விதியோடு ஃபிஃபாவின் காவலுக்கே திரும்பியது. அர்ஜென்டினா கூட்டமைப்புக்கு நிரந்தரமாகக் கிடைத்ததும் ஒரு நகல்தான், தங்க முலாம் பூசிய வெண்கலம்.